அந்த ஸ்ப்ரிங் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிடாதே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. வாத்தியார் விஷயத்தை அடுத்த கடிதத்தில் பேசலாம். இன்று பெரியவளின் சைக்கிள் மட்டும்தான்.

ஒரு வண்டியில் முன்னும் பின்னும் ஸ்ப்ரிங், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர். பக்கத்தில் நிற்கும் ஹைபிரிட்டில் (ரோடு பைக்குக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட ரகம்) ஸ்ப்ரிங்கே இல்லை, கியரும் எட்டுதான். அப்படியிருக்க அதற்கு எப்படி விலை கூட என்று கேட்டிருந்தாய். பட்டியல் நீளமாக இருந்தால் மயங்கிவிடுவது உன் பழைய வழக்கம், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் கியர் கணக்கு. 21 என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு. முன்பக்கம் 48, 38, 28 பல். பின்பக்கம் 14 முதல் 28 வரை என்று வை. மிகக் கனமான கியர் 48/14, அதாவது பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 3.43 சுற்று. மிக லேசானது 28/28, அதாவது 1. ஹைபிரிட்டில் முன்னால் ஒரே 38, பின்னால் 11 முதல் 34. கனமானது 3.45, லேசானது 1.12. மேல் எல்லை ஒன்றுதான், கீழே சிறிய வித்தியாசம். 21-இல் பாதிக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று விழும் கியர்கள். அதற்காக முன்பக்கச் சங்கிலியைப் பல்லுக்குப் பல் தள்ளும் டிரெயிலியர், கூடுதல் கேபிள், கியர் மாற்ற இன்னொரு ஷிஃப்டர் என்று கெட்டுப்போக மூன்று பொருள்.

விலை உண்மையில் ஒளிந்திருக்கும் இடம் பின்சக்கரத்து ஹப், அதாவது சக்கரத்தின் நடு உருளை. மலிவு வண்டியில் பல் கொத்து ஃப்ரீவீலாக ஹப்பின் மேல் திருகி ஏற்றப்பட்டிருக்கும். அதனால் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்து, ஆக்சிலின் ஒரு முனை தாங்குவாரில்லாமல் நீண்டு நிற்கும். பள்ளத்தில் விழுந்து விழுந்து அந்த இடத்தில்தான் ஆக்சில் வளையும், உடையும். பல் கொத்தைத் திருகாமல் செருகி மாட்டும் கேசட் ஹப்பில் பேரிங் வெளி ஓரத்திலேயே இருக்கும், அந்தத் தொல்லை வராது. கண்டுபிடிப்பது எளிது: சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்று. பல் கொத்தின் நடுவே கழற்றும் கருவி மாட்டும் வெட்டுகள் பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட், சுற்றாமல் நின்றால் ஃப்ரீவீல்.

இப்போது ஸ்ப்ரிங். குதிப்பை அடக்க எண்ணெய் நிரப்பிய டாம்பர் வேண்டும், மூட்டுகளுக்குப் பேரிங் வேண்டும். நல்ல இரட்டை சஸ்பென்ஷன் வண்டி அதனால்தான் அவ்வளவு விலை. நீ பார்த்தது போன்றதில் பெரும்பாலும் வெறும் சுருள்கம்பி. பெடலை மிதிக்கும்போதெல்லாம் வண்டி மேலும் கீழும் ஆடும், மிதியில் ஒரு பங்கு அதிலேயே போகும். கொஞ்ச நாளில் மூட்டு தேய்ந்து பின்பாகம் பக்கவாட்டில் ஆடும். எடையும் சில கிலோ ஏறும். அவளுக்கோ முழுக்கத் தார்ச்சாலை! 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் அளவாகக் காற்று வைத்தால் அதற்குப் போதுமான சஸ்பென்ஷன் அதுவே.

டிஸ்க் பிரேக் என்றதும் விழுந்துவிடாதே. கேபிளில் இயங்கும் மலிவு டிஸ்க்கில் ஒரு பக்கக் கட்டை மட்டுமே நகரும், தகட்டை வளைத்து மறுபக்கக் கட்டையில் அழுத்தும். கட்டை தேயத் தேய திருகிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பிடிமானம் போய்விடும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் அருமையானது, விலை கூடுதல். அது கட்டுப்படி ஆகாவிட்டால் மலிவு டிஸ்க்கைவிட, சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் நல்ல வி-பிரேக் மேல்.

ஃப்ரேமும் ஒரு காரணம். அலுமினியத்தை வெல்டிங் செய்தால் அந்த இடம் மென்மையாகிவிடும். 6061 என்ற அலுமினிய ரகத்தை மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் பலம் திரும்பும். குழாயின் நடுவை மெலிதாகவும் முனைகளைத் தடிப்பாகவும் இழுப்பது தனி வேலை. பெயின்ட்டுக்கு அடியில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

தம்பி கேட்ட வளைந்த ஹேண்டில்பார் ரோடு பைக்கின் விலைக்குப் பெரிய காரணம் பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருப்பது. ஷிமானோ 1990-இல் கொண்டுவந்தது அது. உள்ளே பொடிப்பொடியான பாகங்கள். அதே தரத்து ஃப்ரேமில் நேர் ஹேண்டில்பார் போட்டால் விலை இறங்கும். எடைக்காகப் பணம் கொட்டுகிறான் என்றால் இந்தக் கணக்கைச் சொல்: ஆளும் வண்டியும் சேர்ந்து 82 கிலோ, வண்டியில் 4 கிலோ குறைத்தால் செங்குத்தான ஏற்றத்தில் மிதிக்கும் உழைப்பில் ஏறக்குறைய 5 சதவீதம் மிச்சம். சமதளத்தில் ஒன்றும் தெரியாது.

கடையில் வண்டியை எடுக்கும் முன், முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார். தலைப்பகுதியில் 'டக்' என்றால் பேரிங் தளர்வு. ஸ்போக்குகளை இரண்டிரண்டாக அமுக்கு. ஒரே பக்கத்தில் சில இறுகி சில தொளதொளவென்றிருந்தால் முதல் மாதத்திலேயே சக்கரம் கோணும். வளரும் பிள்ளை என்று பெரிய சைஸ் மட்டும் வாங்கிவிடாதே. நின்றால் மேல்குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல்கடையாவது இருக்க வேண்டும்.

பூட்டு, பம்ப், ஹெல்மெட், விளக்குக்கும் தனியாகப் பணம் எடுத்து வை. அவளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி உள்கால் அளவை எடுத்து அனுப்பு. ஹைபிரிட்டின் பின்சக்கரத்தில் என்ன தெரிந்தது என்பதையும் இரண்டு வரி எழுது. அதுவரை கடைப்பக்கம் போகாதே.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரன்