சோதனைக்கு வராத விசைகள்: ஐ.சீ.ரீ. ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் உயர்தரத்துக்கு ஐ.சீ.ரீ. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும், வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பின்னேரங்களில் கோடிங் வகுப்பு நடத்தும் சேர்மார், மிஸ்மாருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்பில் இருந்தபடியே வெளியூர் நிறுவனம் ஒன்றுக்குக் கோட் எழுதிப் பிழைப்பவன் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுப்பதும் என் பொறுப்பு. உங்களிடம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் லிஸ்டுக்கும் டியூப்பிளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். அதற்கு நன்றி. ஆனால் கோட் எழுதும் மென்பொருளான எடிட்டரைத் திறந்துவிட்டால் வலது கை மௌஸை விட்டு அசையாது, விசைப்பலகைக் குறுக்குவழிகள் தெரியாது. வரி ஒன்றை அழிக்க அதை முழுக்க இழுத்துத் தெரிவு செய்கிறார்கள். பைதனில் பத்து வரியை உள்ளே தள்ள வேண்டுமென்றால், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் போய் நின்று ஸ்பேஸ் பாரை நாலு தரம் தட்டுகிறார்கள். பத்தையும் தெரிவு செய்து டேப் ஒன்றை அழுத்தினால் போதும், வெளியே இழுக்க ஷிப்ட் டேப் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேகம்தானே, பழகப் பழக வரும் என்று நீங்கள் நினைக்கலாம். வேகத்தை விடுங்கள். எனக்குப் பெரிதாகப் படுவது பிழை.

கிட்டடியில் ஒரு தம்பி பில் போடும் நிரல் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். டோட்டல் என்ற மாறியின் பெயரை நெட் என்று மாற்ற வேண்டும். கன்ட்ரோல் எச் அடித்து, பழையதையும் புதியதையும் எழுதி, எல்லாவற்றையும் மாற்று என்று கொடுத்துவிட்டார். "அண்ணா, எல்லாம் மாறிட்டு" என்றார். உண்மையிலேயே எல்லாம்தான் மாறியிருந்தது. சப்டோட்டல் சப்நெட் ஆகியிருந்தது. வலையமைப்புப் பாடத்தில் நீங்கள் பாடுபட்டு விளங்கப்படுத்திய அந்த சப்நெட், பலசரக்குக் கடை பில்லுக்குள் வந்து குந்தியிருந்தது! பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார் என்று நாம் சொல்லாத வரைக்கும், அவர் பாவித்த விஎஸ் கோட் என்ற எடிட்டர் தேடும்போது அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே வாடிக்கையாளருக்கு அச்சாகும், பெரிய எழுத்தில் தொடங்கும் டோட்டல் என்ற தலைப்பும் சேர்ந்து மாறிவிட்டது.

அந்த இடத்தில் தேவைப்பட்டது எஃப் 2. கர்சரைப் பெயரின் மேல் வைத்து எஃப் 2 அழுத்தி, புதுப் பெயரை எழுதி எண்டர் கொடுத்தால், அந்த மாறி வருகிற இடங்களில் மட்டும் பெயர் மாறும். வேறொரு ஃபங்ஷனுக்குள் அதே பெயரில் இன்னொன்று இருந்தால் அதைத் தொடாது. தேடி மாற்றுவது எழுத்தைப் பார்க்கிறது, எஃப் 2 நிரலின் அமைப்பைப் பார்க்கிறது. ஒரு பெயர் நிரலில் எதுவரை செல்லும் என்கிற ஸ்கோப் பாடத்தைக் கரும்பலகையில் விளங்கப்படுத்துவதை விட இதைச் செய்து காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும் என்பது என் எண்ணம். இதற்கு விஎஸ் கோடில் பைதனுக்கான எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் இணைப்பைப் போட்டிருக்க வேண்டும். சில லப்டொப்களில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இதேபோல எஃப் 12. ஒரு ஃபங்ஷனை அழைத்திருக்கும் இடத்தில் நின்று அழுத்தினால் அது எழுதப்பட்டிருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் விடும். திரும்பி வர, விண்டோஸில் ஆல்ட்டும் இடப்பக்க அம்புக்குறியும். பிறர் எழுதிய கோடை வாசிக்கப் பழக இந்த இரண்டும் போதும். வேலைக்கு வந்தால் எழுதுவதை விட வாசிப்பதுதான் கூட.

வைல் லூப் முடிவில்லாமல் ஓடத் தொடங்கினால் எடிட்டரையே மூடிவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கணினியையே நிறுத்துபவர்களையும் கண்டிருக்கிறேன். நிரல் ஓடும் பகுதியான டெர்மினலில் சொடுக்கிவிட்டுக் கன்ட்ரோல் சி அழுத்தினால் ஓட்டம் நிற்கும். எடிட்டரில் நகலெடுக்கும் அதே விசை, டெர்மினலில் எதுவும் தெரிவு செய்யாதபோது நிறுத்தும் விசை. முதல் நாளே சொல்லிவிடலாம்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. தமிழ் விசைப்பலகை நிறுவிய விண்டோஸ் கணினிகளில் ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். விஎஸ் கோடிலோ ஷிப்ட், ஆல்ட், கீழ் அம்புக்குறி மூன்றும் சேர்ந்தால் வரி இரட்டிக்கும். பிள்ளை முதலிரண்டையும் அழுத்திவிட்டு, மூன்றாவது எது என்று யோசித்துக் கையை எடுத்துவிடும். மறுகா அடிப்பதெல்லாம் தமிழில் வரும். கீபோர்ட் பழுதாகிவிட்டது என்று உங்களைக் கூப்பிடும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் அழுத்தினால் மொழி மாறும், ஆகவே ஆல்ட் ஷிப்ட் குறுக்குவழியை ஆய்வுகூடக் கணினிகளின் அமைப்பில் நீக்கிவிடுங்கள்.

இதெல்லாம் சோதனைக்கு வராது என்பீர்கள். வராதுதான். உயர்தர வினாத்தாளுக்குக் கோடைப் பேனாவால்தான் எழுத வேண்டும். ஆனால் நாற்பது நிமிடப் பாடவேளையில், ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேராக இருந்து, மௌஸ் யார் கையில் என்ற இழுபறியும் முடிந்து, மிஞ்சும் நேரத்தில்தான் பிள்ளை கோடைத் தொடுகிறது. அந்த நேரத்தில் பாதி ஸ்பேஸ் பாருக்குப் போகக்கூடாது. படித்து முடித்த பிறகு நேர்முகத் தேர்வும் இப்போது பெரும்பாலும் திரையைப் பகிர்ந்துதான். ஃபைல் ஒன்றைக் கன்ட்ரோல் பி (P) அடித்துப் பெயரின் இரண்டெழுத்தில் திறக்கிற பிள்ளையையும், இடப்பக்கப் பட்டியலில் மேலும் கீழும் அலைகிற பிள்ளையையும் எதிர்ப்பக்கம் இருப்பவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டு ஊரை விட்டுப் போகாமல் வேலை தேடும் பிள்ளைக்கு இது சின்ன விசயமில்லை.

ஒன்று மட்டும் வேண்டாம்: நூறு குறுக்குவழியை ஃபோட்டோ கொப்பி அடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாகக் கன்ட்ரோல் ஷிப்ட் பி (P) அடித்து, தேவையான கட்டளையின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். குறுக்குவழி உள்ள கட்டளைகளுக்குப் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும். இரண்டு தரம் தேடியவர் மூன்றாம் தரம் விசையையே அழுத்துவார். அதே இடத்தில் ஸ்க்ரீன்காஸ்ட் மோட் என்று தேடினால், நீங்கள் அழுத்தும் விசைகள் திரையில் பெரிதாகத் தெரியும் வசதி கிடைக்கும். புரொஜெக்டரில் காட்டிப் படிப்பிப்பவர்களுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கும்.

பழைய கணினி, விஎஸ் கோட் இழுக்காது, பைதனோடு வரும் ஐடில்தான் கதி என்றாலும் வழி இருக்கிறது. எஃப் 5 ஓட்டும். தெரிவு செய்த வரிகளை ஆல்ட் 3 கொமென்ட் (ஓடாத குறிப்பு) ஆக்கும், ஆல்ட் 4 அதை நீக்கும். வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் ஷெல்லில் முன்பு அடித்த வரியைத் திரும்ப எடுக்க மேல் அம்புக்குறியை அழுத்திப் பார்த்துச் சலித்துப்போகும் பிள்ளைகளிடம் ஆல்ட் பி (P) என்று சொல்லுங்கள்.

அடுத்த தவணையின் முதல் செய்முறை வகுப்பில், மௌஸ்களைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். கொஞ்சம் கூச்சல் வரும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து கோட் எழுதும் ஒருவன்