2024–25 ஆண்டறிக்கை: கோயில்காடும் நடைபாதையும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக்குழு உறுப்பினர்களுக்கும் வந்திருக்கும் ஊரார் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை வாசிக்கிறேன்.

வழக்கமான வேலைகள் நடந்தன. தெருவிளக்கு மனு, குளத்தில் ஆகாயத்தாமரை எடுத்தது, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுத்தது எல்லாம் மினிட் புத்தகத்தில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இந்த வருஷம் நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது அய்யனார் கோயில்காட்டுக்குள் நடைபாதை போடும் விவகாரம்தான்.

மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12-இல் திறக்கவில்லை; ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரும் நேரமும் ஆகஸ்ட் 15 கிராமசபையும் ஒன்றாக வந்துவிட்டன. ஊரே வயலில் கிடந்தது, கூட்டத்தில் ஆளில்லை. பல பொருள்களுக்கு நடுவே 'கோயில் புறம்போக்கில் நடைபயிற்சிப் பாதை' என்று ஒரு வரி வாசித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. காட்டுக்குள் சுண்ணாம்புக் கோடு விழுந்த பிறகுதான் பேச்சு கிளம்பியது. கோடு பெரிய இலுப்பைகளின் தூரை ஒட்டியே போயிருந்தது. தோண்டி, ஜல்லி கொட்டி, பேவர் பிளாக் பதித்து, ஓரமாக விளக்குக் கம்பம் நடுவது திட்டம்.

உடனே மறியல் என்றார்கள் இளைஞர்கள். நிர்வாகக்குழு கொஞ்சம் பொறுக்கச் சொன்னது. பாதை கேட்டது யார் என்று விசாரித்தால், நம் வீட்டுப் பெண்கள்தான். சுகருக்கு நடக்கச் சொல்கிறார் டாக்டர். மெயின் ரோட்டில் விடியற்காலையில் லாரிக்குப் பயந்து நடக்க வேண்டியிருக்கிறது. கேட்டதில் தப்பே இல்லை. 'காடுதான் முக்கியம், நீங்கள் ரோட்டிலேயே நடங்கள்' என்று சொல்லியிருந்தால் ஊர் இரண்டாகியிருக்கும். அதனால் காட்டை விட்டுவிட்டு வாய்க்கால் கரையைச் சீர்படுத்தித் தரக் கேட்கலாம் என்று தெருத்தெருவாகப் பேசினோம்.

பேச்சைவிடக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதுதான் பலித்தது. செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னோம். பொங்கல் வைக்கும் நாள் தவிர உள்ளே போகாதவர்கள் பலர். வீரை, காயா, குருந்து என்று பெரியவர்கள் பெயர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். கீழத்தெரு அக்கா ஒருவர் சருகுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை போயிற்று, அடியில் மண் ஈரமாக இருந்தது. வெளியே வயல் வரப்பு வெடித்துக் கிடந்த நேரம் அது. மரத்துக்குச் சத்தை உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணில்தான் பரவும், பேவருக்குத் தோண்டினால் முதலில் அறுபடுவது அவைதான் என்பதை அங்கேயே காட்ட முடிந்தது. இலுப்பை ராத்திரியில் பூக்கிறது, வௌவால் வந்துதான் மகரந்தம் சேர்கிறது. விளக்குப் போட்டால் வௌவாலுக்கு அங்கே என்ன வேலை?

அக்டோபர் 2 கிராமசபையில் இடம் போதவில்லை. நடைபாதையை வாய்க்கால் கரைக்கு மாற்றக் கோரும் தீர்மானத்தை முன்மொழிந்தவர், முதலில் பாதை கேட்டு மனு கொடுத்த அதே அம்மா. அவருக்கு இந்தச் சபையின் சார்பில் நன்றி.

தீர்மான நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பினோம். பொது இடத்து மரங்களை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும் சுட்டிக்காட்டினோம். தகவல் உரிமைச் சட்டத்தில் திட்ட மதிப்பீடு கேட்டோம். வந்த தாள்களில் பேவர் கணக்கு துல்லியமாக இருந்தது. மரக் கணக்கு ஒரு வரிகூட இல்லை. மரத்தையே பார்க்காமல் காட்டுக்குள் எப்படிக் கோடு போட்டார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்டோபரிலேயே ஆறுமணிக்குருவியும் காட்டுக்கு வந்து சேர்ந்தது. மைனாவைவிடச் சிறியது, வால் குட்டை, அடிவயிறு சிவப்பு. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருவது. சருகைப் புரட்டிப் புழு பொறுக்கித்தான் வயிறு வளர்க்கிறது. பிளஸ் டூ மாணவர் ஒருவர் செல்போனில் எடுத்த படம், சங்கத்தின் நோட்டீஸ் எதுவும் போகாத வீடுகளுக்கெல்லாம் போயிற்று.

இப்போதைய நிலை இதுதான். வேலை நிற்கிறது, திட்டம் ரத்தாகவில்லை. 2025 ஜனவரி 5-உடன் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறார். அவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, தீர்மான நகலையும் கொடுத்திருக்கிறோம். 2024 டிசம்பரில் ராஜஸ்தான் கோயில்காடுகள் பற்றிய வழக்கில், நாடு முழுவதும் இத்தகைய காடுகளுக்கு ஒரு கொள்கை வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குப் பரிந்துரைத்ததையும் மனுவில் சேர்த்திருக்கிறோம். ஆனால் வருவாய்த்துறையின் நிலக்கணக்கான அ-பதிவேட்டில் நம் காடு இன்னும் வெறும் புறம்போக்குதான். அதைப் பார்க்கிற எவருக்கும் காலி இடம் என்றுதான் தோன்றும்.

ஆகவே, பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு தயாரிக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்தக் காட்டை மரம் மரமாகப் பதிய வைப்பது அடுத்த ஆண்டு வேலை. அப்புறம், கிடாவெட்டு முடிந்து பிளாஸ்டிக் டம்ளரை அங்கேயே போட்டுவிட்டு வருவது வெளியாள் இல்லை, நாம்தான். இந்த ஆடிக்குள் அதற்கு ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். மரம், கொடி, மூலிகைப் பெயர் தெரிந்த பெரியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்