ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பெயிண்ட், டயர், ஓடிய கிலோமீட்டர், அடிபட்ட வண்டியா, சைலன்சரில் என்ன நிறத்தில் புகை வருகிறது என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்ன கட்டுரையாளர், கியர்பாக்ஸ் விஷயத்தில் மட்டும் 'கியர் சுலபமாக விழுகிறதா என்று பாருங்கள்' என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிட்டார். வாங்கும்போது நானும் அந்த ஒரு வரி அளவுக்குத்தான் பார்த்தேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் காரின் பெயரைச் சொல்லப்போவதில்லை, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. இரண்டு கதவு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் துடுப்புகள், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், எட்டு வயது. புதிதாக வந்தபோது இருந்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. ஓட்டிப் பார்த்தேன், கண் இமைப்பதற்குள் கியர் மாறியது, அங்கேயே புத்தி மங்கிவிட்டது. வாங்கிய ஐந்தாவது மாதம், நாற்பது நிமிடம் ஓட்டியபின் ஒரு சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி முதல் கியரிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ரிவர்ஸ் போட்டால் விழவில்லை. அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடியது. மறுநாளும் இதே கதை.

இந்த வகை கியர்பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே பாதி விடை கிடைத்திருக்கும். ஒரே கூட்டுக்குள் இரண்டு கியர்பாக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 ஒரு கிளட்சில். 2, 4, 6 இன்னொரு கிளட்சில். நாம் மூன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கம் நான்கைப் போட்டுத் தயாராக வைத்திருக்கும், ஒரு கிளட்ச் விட மற்றது பிடிக்க, இழுவை அறுபடாமல் கியர் மாறிவிடும். யோசனை என்னவோ பழசுதான், 1939லேயே கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சொன்னது. 1980களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் போட்டுப் பார்த்தது, அப்புறம் 2003இல் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஆர்32 மூலமாகத்தான் சாலையில் ஓடும் கார்களுக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவு காலம் எடுத்ததற்குக் காரணம், இரண்டு கிளட்சையும் சரியான நொடியில் விட்டுப் பிடிக்க ஒரு மூளை தேவைப்பட்டது. அந்த மூளையும், ஆயிலைத் திறந்து அடைக்கும் அதன் மின் வால்வுகளான சோலினாய்டுகளும், அழுத்தத்தையும் இடத்தையும் அளக்கும் சென்சார்களும் சேர்ந்த தொகுப்பைத்தான் மெக்கட்ரானிக் என்கிறார்கள். பல கார்களில் இது கியர்பாக்ஸ் உள்ளேயே, கொதிக்கும் ஆயிலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் கோளாறு என்று தோன்றினால் அந்தப் பக்கத்தை அது மூடிவிடும், மிச்சம் இருப்பதை வைத்து வீடு போய்ச் சேர் என்று விட்டுவிடும். எனக்கு நடந்தது அதுதான். இரட்டைப்படை கியர்களும், அதே பக்கத்தில் இருந்த ரிவர்சும் மூடிக்கொண்டன.

முதலில் போன பெரிய ஒர்க்‌ஷாப்பில் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள், பத்து நிமிடம் பார்த்தார்கள், கியர்பாக்ஸ் முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட் தொகை நான் கார் வாங்கிய விலையில் பாதிக்கு மேல். என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்டேன். "உள்ளே பிரச்சினை சார்." உள்ளே எங்கே? "நாங்கள் திறப்பதில்லை சார், யூனிட்டாகத்தான் வரும்." அந்த மேலாளர் பொய் சொல்லவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். திறப்பதற்கான பயிற்சியோ உள் உதிரிபாகமோ அவரிடம் இல்லை, அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அறுவை சிகிச்சை. ஆனால் கெட்டது என்ன என்று தெரியாமலேயே ஒரு காரின் பாதி விலையை எப்படிக் கேட்க முடிகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏமாறும் கணக்கு ஒன்று இருக்கிறது. காரின் விலை வருடா வருடம் இறங்குகிறது, உதிரிபாகத்தின் விலை இறங்குவதில்லை, பல நேரம் ஏறவே செய்கிறது. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கிய காருக்கு மூன்றில் ஒரு பங்கு விலையில் கியர்பாக்ஸ் கிடைக்காது, முழு விலைக் காருக்குப் போடும் அதே கியர்பாக்ஸ்தான், அதே விலைதான். கூலியும் அப்படித்தான். எடை முன்னும் பின்னும் சமமாக இருக்கட்டும் என்று கியர்பாக்ஸைப் பின் அச்சோடு சேர்த்து வைத்த கார்களும் உண்டு, இன்ஜினே பின்னால் இருக்கும் கார்களும் உண்டு. அதைக் கீழே இறக்குவதற்குள் சைலன்சர், ஆக்சில், கூலிங் குழாய் என்று பாதி வண்டியைக் கழற்ற வேண்டியிருக்கும். மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படும்போது நாம் வாங்குவது மலிவான காரை அல்ல, விலை உயர்ந்த ஒரு காரின் பராமரிப்புச் செலவைத்தான். என் மனைவி இதை முதல் நாளே சொன்னாள், அது வேறு விஷயம்.

விற்ற வியாபாரி ஒரு வாரண்டி கொடுத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் உண்டு என்று தடித்த எழுத்தில் இருந்தது, கிளட்ச், சீல், மின்னணுப் பாகங்கள், 'தேய்மானத்தால் வரும் பழுது' எதுவும் இல்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. மிச்சம் இருப்பது பல்சக்கரங்களும் அலுமினியக் கூடும்தான். அவை எங்கே கெடப்போகின்றன?

முந்தைய ஓனரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நல்ல மனிதர். கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் "அதுக்குத் தனியா ஆயில் இருக்கா?" என்றார். இன்ஜின் ஆயிலை ஒவ்வொரு வருடமும் தவறாமல் மாற்றியிருக்கிறார், எல்லாப் பில்லும் வைத்திருக்கிறார். அந்தப் பில் கட்டைப் பார்த்துத்தான் நானும் 'சர்வீஸ் ரெக்கார்டு பக்கா' என்று மயங்கினேன். அதில் கியர்பாக்ஸ் என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.

இந்த ஆயில் விவகாரத்தில் தயாரிப்பாளர்கள் செய்திருக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சில கார்களின் கையேட்டில் எழுதியிருப்பார்கள். யாருடைய ஆயுள் என்று எழுதியிருக்க மாட்டார்கள். உலகத்தில் பாதிப் பெரிய பெயர்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனம், தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்தில் ஆயில் மாற்றச் சொல்கிறது. செய்தவன் மாற்று என்கிறான், வாங்கிப் பொருத்தியவன் வேண்டாம் என்கிறான். டி.எஸ்.ஜி. என்பது ஃபோக்ஸ்வாகன் தன் டூயல் கிளட்ச் பெட்டிக்கு வைத்த பெயர், அதில் கிளட்ச் ஆயிலில் மூழ்கி ஓடும் ஆறு கியர் வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது தெளிவான விதி. கிளட்ச் தேய்ந்த தூள் எல்லாம் அதே ஆயிலில்தானே கலக்கிறது, ஃபில்டர் எவ்வளவுதான் பிடிக்கும்? ஆயில் வெறும் வழவழப்புக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 2013இல் ஃபோக்ஸ்வாகன் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. அதில் இருந்த செயற்கை ஆயில் மின்சுற்றில் கோளாறு உண்டாக்கக்கூடும் என்பதால், அதை வடித்துவிட்டுக் கனிம ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். என் கார் அந்தக் கணக்கில் வராது. ஆனால் பழைய கார் வாங்கும் எவரும் சேஸிஸ் நம்பரை வைத்து இப்படி ஏதாவது திரும்ப அழைப்பு பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

சரி, என் கதைக்கு வருகிறேன். கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் கடைசியில் போய்ச் சேர்ந்தேன், வண்டியை ஓட்டிக்கொண்டே போனேன், அதற்கு நன்றாகத் திட்டு வாங்கினேன். பாதி கியர்களோடு ஓட்டினால் மிச்சம் இருக்கும் ஒரே கிளட்சும் வெந்துவிடும், பிளாட்பெட் வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியதுதானே என்றார். அவரும் ஸ்கேனர்தான் மாட்டினார், ஆனால் அது காட்டும் ஃபால்ட் கோடு என்ற பிழை எண்ணை மட்டும் படித்துவிட்டு நிறுத்தவில்லை. ஸ்கேனரை மாட்டியபடியே என்னை முக்கால் மணி நேரம் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆயில் சூடேறச் சூடேற, இரட்டைப்படை பக்கத்தில் கியரைத் தள்ளிப் போடும் ஷிஃப்ட் ஃபோர்க் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சென்சாரின் அளவு துள்ள ஆரம்பித்தது, ஒரு கட்டத்தில் காணாமலே போனது. ஃபோர்க் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மூளை என்ன செய்யும், அந்தப் பக்கத்தை மூடிவிடும். குளிர்ந்தால் சென்சார் மறுபடி பேசும். பல்சக்கரத்துக்கும் கிளட்சுக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

உறுதி செய்துகொள்ள அடித்தட்டைக் கழற்றினார். வந்த ஆயில் கறுப்பாக, தீய்ந்த வாடையோடு இருந்தது. உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருந்ததை விரலால் தடவிக் காட்டி, இது பரவாயில்லை, தேய்மானம்தான், பளபளவென்று சில்லு சில்லாக இருந்தால்தான் பெட்டி போச்சு என்றார். சென்சார் தொகுப்பு, ஃபில்டர், சீல், புது ஆயில், கடைசியில் கம்ப்யூட்டரில் கிளட்ச் அளவுகளை மறுபடி கற்றுக்கொடுக்கும் அடாப்டேஷன். மொத்தச் செலவு முதல் எஸ்டிமேட்டில் ஏழில் ஒரு பங்கு. அதுவும் சின்னத் தொகை இல்லை, இருந்தாலும் அன்று நான் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன். அது முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது, கார் ஓடுகிறது.

எல்லோருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கும் என்று சொல்ல வரவில்லை. காந்தத்தில் சில்லு இருந்திருந்தால் நானும் அந்தப் பெரிய தொகையையோ, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய பெட்டி ஒன்றையோதான் தேடியிருப்பேன். அதிலும் சிக்கல் உண்டு. மெக்கட்ரானிக் பழைய காரின் அடையாளத்தோடு பூட்டப்பட்டிருந்தால் புது வண்டியில் அது வேலை செய்யாது, புது வண்டியின் அடையாளத்தை அதில் பதியும் கோடிங் வேலை தெரிந்தவர் வேண்டும். சில கார்களைச் சீர்செய்யாமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதே புத்திசாலித்தனம். ஆனால் அந்த முடிவை எடுக்கக் கெட்டது எது என்று தெரிந்தாக வேண்டும். ஸ்கேனர் காட்டிய ஃபால்ட் கோடு எண்ணை அச்செடுத்துக் கொடுங்கள், கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள், இந்த இரண்டையும் கேட்டாலே பல எஸ்டிமேட்கள் தானாக இளைத்துவிடும்.

மேனுவல் கியர் என்றால் தப்பித்தோம் என்று நினைக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டாவது கியர் கரகரவென்று விழுந்தால், கியர் விழும் முன் வேகங்களைச் சமமாக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், சூடானதும் சத்தம் அடங்கிவிடும். அதனால்தான் நீங்கள் போவதற்குள் வியாபாரி வண்டியைச் சூடாக்கி வைத்திருப்பார். நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். டூயல் கிளட்ச் என்றால் நேர்மாறு, என்னுடையது போலச் சூட்டில்தான் வேஷம் கலையும். பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் ஒன்றும் தெரியாது, முக்கால் மணி நேரம் கேளுங்கள், நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். தரமாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில்தான். ஸ்கேனரோடு ஒருவரைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் லான்ச் கண்ட்ரோலில் எத்தனை தடவை சீறிக் கிளம்பியது என்பதைக்கூட எழுதி வைத்திருக்கும் கார்கள் உண்டு, 'வாரத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பேன் சார்' என்பவரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

ஆயில் மாற்றினேன் என்று சொல்பவரிடமும் எங்கே மாற்றினீர்கள் என்று கேட்டுவிடுங்கள். இந்தப் பெட்டிகள் பலவற்றில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் மட்டம் பார்க்க வேண்டும். வடித்த அளவே ஊற்றிவிட்டேன் என்று சொல்லும் மெக்கானிக், ஏற்கெனவே குறைவாக இருந்ததைக் குறைவாகவே விட்டிருப்பார்.

கட்டுரையாளர் மீது எனக்குக் கோபம் இல்லை, இன்ஜின் பற்றி அவர் எழுதியது எல்லாம் சரி. அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள், அதில் கியர்பாக்ஸுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். கடிதப் பகுதியில் இடம் குறைவு என்று தெரியும். என் கதையை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த ஆயில் பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்