குமாரகோவில் கல்லூரி பற்றி நண்பனுக்கு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. மகளைக் குமாரகோவில் நூருல் இஸ்லாம் கல்லூரியில் சேர்த்தால் அந்தப் பட்டம் செல்லுமா என்று கேட்டிருக்கிறாய். நல்லாவே செல்லும். 2008இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி, அதாவது தாங்களே பட்டம் கொடுக்கும் தகுதி, வாங்கிவிட்டார்கள்.

போன வாரம் தக்கலையில் ஒரு கல்யாணம். அப்படியே குமாரகோவில் பக்கமும் போய் வந்தேன். வேளிமலை அடிவாரம் முழுக்கக் கட்டடம். ஆனாலும் பங்குனியில் முருகன் கோயில் வள்ளி கல்யாணத்துக்குக் குறவர் படுகளம் (வள்ளிக்காக முருகனோடு குறவர்கள் மோதும் நிகழ்ச்சி) நடக்கத்தான் செய்கிறது, கேட்டியா!

ஏ.பி. மஜீத் கான் அங்கே இந்தப் பொறியியல் கல்லூரியைத் தொடங்கியது 1989இல். சுயநிதிக் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு கதவைத் திறந்துவிட்டு அப்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போது நெல்லை, குமரிக்கெல்லாம் பல்கலைக்கழகம் மதுரையில். 1990இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. 2001க்குப் பிறகு பொறியியல் எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனது. கல்லூரி இருந்த இடத்திலேயே இருந்தது, சர்டிபிகேட்டின் தலைப்புதான் மாறிக்கொண்டே போனது.

இது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியைப் பார். 1893இல் கல்லூரியானபோது மெட்ராஸ் பல்கலைக்கழகம், 1937இல் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்ததுக்கு அப்புறம் மறுபடி மெட்ராஸ், பிறகு மதுரை, இப்போது நெல்லை. ஒரே வீட்டில் தாத்தா, அப்பா, பேரன் மூவரும் ஸ்காட்டில் படித்திருந்தாலும் பட்டம் ஆளுக்கொரு ஊர்ப் பெயரில் இருக்கும். அதனால் குமாரகோவிலிலேயே படித்து அங்கேயே பட்டமும் வாங்குவது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது. நீ சிரிப்பாய்.

2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, நிகர்நிலைகள் பெயரில் 'யுனிவர்சிட்டி' போடக் கூடாதென்று யுஜிசி சொல்லிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டருக்கு அதெல்லாம் தெரியாது, அவருக்கு அது எப்பவும் 'என்.ஐ.'தான்.

ஒன்று மட்டும் கவனி. தமிழக அரசின் பொறியியல் கவுன்சிலிங்கில் இது வராது. அவர்களிடமே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். தரத்தைப் பார்க்க இரண்டு இருக்கிறது: நாக் (NAAC) கிரேடு மொத்த நிறுவனத்துக்கு, என்பிஏ (NBA) அங்கீகாரம் ஒவ்வொரு பாடப் பிரிவுக்கும் தனித்தனி. மகள் கேட்கிற பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா, எந்த வருஷம் வரை என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு. எந்தப் பிரிவு என்று எழுது, நேரில் போய் விசாரித்துச் சொல்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்