ஆறு மாதமா, ஐந்தரையா?

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று போனில் நாம் போட்ட சண்டையை நினைத்து நினைத்து உன் அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். "எத்தனை மாதம் ஆச்சு?" என்று கேட்டேன். "இன்னிக்கு 24 வாரம் முடியுதும்மா" என்றாய். நாலால் வகுத்து, "அப்போ ஆறு முடிஞ்சிடுச்சு" என்றேன். "இல்லம்மா, ஐந்தரைதான்" என்றாய். உன் போனில் இருக்கும் ஆப்போ 'ஆறாவது மாதம்' என்கிறதாம். ஒரு வயிற்றுக்கு மூன்று கணக்கு! வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்கு எழுதியே பிழைத்தவளுக்குத் தூக்கம் வருமா? காலையில் எழுந்ததும் காலண்டரோடு உட்கார்ந்துவிட்டேன்.

நீ சொன்னதுதான் சரி. டாக்டர் கணக்கைத் தொடங்கும் நாளான ஜூன் 10-லிருந்து நேற்று, நவம்பர் 25 வரை 168 நாள். ஏழால் வகுத்தால் அச்சு அசலாக 24 வாரம். காலண்டர்படி நவம்பர் 10-க்கு ஐந்து மாதம், அதற்கு மேல் 15 நாள். நாலு வாரம் ஒரு மாதம் என்று நான் வைத்துக்கொண்டதுதான் தப்பு. நாலு வாரம் என்றால் 28 நாள். பிப்ரவரியை விட்டால் வேறு எந்த மாதத்துக்கும் அது போதாது. மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் மிஞ்சி, அது சேர்ந்து சேர்ந்து அரை மாதமாகிவிட்டது. ஆப் சொன்னதும் பொய்யில்லை. ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது, அதைத்தான் அப்படிச் சொல்கிறது. வாரத்திலும் இதே குழப்பம் வரும். உன் ரிப்போர்ட்டில் 24+1 என்று போட்டிருந்தால் 24 வாரமும் ஒரு நாளும் முடிந்திருக்கிறது, 25-வது வாரம் நடக்கிறது என்று அர்த்தம்.

மொத்தம் 280 நாள், 40 வாரம். அதை 28-ஆல் வகுத்தால் பத்து. காலண்டரில் பார்த்தால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும், அதாவது ஒன்பது முடிந்து பத்து நடக்கையில் பிரசவம். உன்னைத் திட்டும்போதெல்லாம் 'பத்து மாதம் சுமந்து பெத்தேன்' என்பேனே, கணக்கில் குறையில்லை பார்!

அப்புறம் மாப்பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டாராமே, "ஜூன் 10-ல நான் ஊர்லயே இல்லையே" என்று. அவரைப் பயப்பட வேண்டாம் என்று சொல். அன்று கருவும் இல்லை, ஒன்றும் இல்லை. அது உன் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள். 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவளுக்குச் சுமார் 14-வது நாளில்தான் கருமுட்டை வெளியே வரும். கரு உண்டாவது அதற்குப் பிறகு. அந்த நாளை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. மாதவிடாய் தொடங்கிய நாளோ எல்லோருக்கும் தெரியும். அதனால் அங்கிருந்து எண்ணுகிறார்கள். நாள் தள்ளிப்போய் நீ டெஸ்ட் பார்த்த அன்றே 'நாலு வாரம்' என்றார்களே, அப்போது உள்ளே இருந்தது இரண்டு வாரக் கரு. இப்போதும் குழந்தையின் சொந்த வயது 22 வாரம்தான். நம் பழைய பேச்சிலும் இதே கணக்கு இருக்கிறது. 'முழுகாமல் இருக்கிறாள்' என்போமே, மாதாமாதம் வரும் அந்தத் தலைமுழுக்கு வராமல் போனதைத்தானே சொல்கிறோம்?

பிரசவத் தேதி போடும் வழி 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நேகெலே என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரில் வழங்குகிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய், ஏழு நாள் கூட்ட வேண்டும். ஜூன் 10 என்றால் மார்ச் 10, கூட ஏழு, மார்ச் 17. மாதங்கள் ஒரே நீளமாக இல்லாததால் சிலருக்கு ஓரிரு நாள் முன்பின் வரும்.

இந்த வழி 28 நாள் சுற்றை நம்பி நிற்பது. இதில் நான் பட்ட பாட்டை உனக்குச் சொன்னதே இல்லை. எனக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குறித்த தேதிக்கு மேல் ஒன்பது நாள் ஆகியும் நீ வரவில்லை. ஊசி போட்டு வலி வரவழைக்கலாமா என்று ஆஸ்பத்திரியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வருகிற போகிறவர்கள் எல்லாம் 'இன்னுமா?' என்றார்கள். அன்றிரவே வலி எடுத்து நீ பிறந்தாய். 35 நாள் சுற்றில் கருமுட்டை ஒரு வாரம் பிந்தி வருவதால் தேதியும் ஒரு வாரம் தள்ளியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நீ இரண்டே நாள்தான் தாமதம். அந்த ஒன்பது நாள் அழுகையில் ஏழு நாள் தண்டம்!

உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். பத்தாவது வார ஸ்கேனில் நாலு நாள் வித்தியாசம் வந்தும் டாக்டர் தேதியை மாற்றவில்லை என்றாயே, சரியாகத்தான் செய்திருக்கிறார். அந்தக் கட்டத்தில் ஏழு நாளுக்கு மேல் போனால்தான் மாற்றுவது வழக்கம். இனி வரும் ஸ்கேன்களில் ஒவ்வொன்றும் ஒரு தேதி காட்டும். அதைப் பார்த்து நடுராத்திரியில் எனக்கு போன் போடாதே. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. பிறகு ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும். பின்னால் எடுக்கும் ஸ்கேன் உருவத்துக்குத்தான் வாரம் சொல்கிறது.

டாக்டர்கள் ஏன் மாதத்தில் பேசுவதில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. 'எட்டு முடிந்து ஒன்பது நடக்குது' என்றால் 35 வாரமாகவும் இருக்கலாம், 38 ஆகவும் இருக்கலாம். 37 முடியாமல் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 38-ல் பிறந்தால் அந்தப் பேச்சே இல்லை, ஆனாலும் 39 முடிந்தால்தான் முழு வளர்ச்சி என்கிறார்கள். இவ்வளவும் அந்த ஒற்றை 'ஒன்பது'க்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே அங்கே நீ வாரத்திலேயே பேசு. என்னிடம் மட்டும் மாதம் சொல், எனக்கு அதுதான் மனசில் பதிகிறது.

மார்ச் 17 அன்றே பிறக்கும் என்று யாரிடமும் சொல்லி வைக்காதே. குறித்த நாளில் வருகிற குழந்தைகள் ரொம்பக் குறைவு. 37 வாரம் முடிவது பிப்ரவரி 24, 42 முடிவது மார்ச் 31. நான் பிப்ரவரி 22-க்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். திரும்பி வர இன்னும் போடவில்லை, அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா