டாக்ஸி மாத்திரையும் தயிர்சாதமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்க்கு டாக்ஸிசைக்ளின் (சுருக்கமாக டாக்ஸி) என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தால், வீட்டில் அது பெரும்பாலும் தயிர்சாதத்துக்குள் போகிறது, இல்லையென்றால் பாலில் கரைகிறது. கசப்பு தெரியாமல் நாய் தின்றுவிடும்தான். ஆனால் பாலிலும் தயிரிலும் இருக்கிற கால்சியம் குடலில் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட மருந்து ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். பழைய டெட்ராசைக்ளின் அளவுக்கு டாக்ஸி பாழாவதில்லை என்பது உண்மை. அதற்காகத் தெரிந்தே இழப்பானேன்? இட்லித் துண்டுக்குள்ளோ வெந்த கோழிக்கறிக்குள்ளோ வைத்துக் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும்.

பாலைவிட மோசம் டானிக். உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்த நாய்க்கு இரும்புச்சத்து டானிக்கும் கொடுப்பார்கள். மறக்காமல் இருக்க இரண்டையும் ஒரே வேளையில் கொடுத்துவிடுவது வீட்டு வழக்கம். டாக்ஸி ரத்தத்திலிருந்து மறுபடி குடலுக்குள் கசிந்து வெளியேறும் மருந்து. அப்படிக் கசிந்ததில் ஒரு பங்கு திரும்ப உறிஞ்சப்படும். குடலில் இரும்பு இருந்தால் அதுவும் போச்சு. டாக்ஸியைக் காலையிலும் இரவிலும் வைத்துக்கொண்டு டானிக்கைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். குட்டிக்குக் கொடுக்கும் கால்சியம் சிரப்புக்கும் இதே கணக்குதான்.

அளவில் இன்னொரு குழப்பம். ‘மனுஷருக்கு ஒன்று, நாய்க்குப் பாதி’ என்று கணக்குப் போடுகிறார்கள். டாக்ஸி நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 மி.கி. 20 கிலோ நாய்க்கு 200 மி.கி. ஆகிறது, அதாவது 100 மி.கி. மாத்திரை இரு வேளை. வளர்ந்த ஆளுக்குக் கொடுக்கும் அளவேதான் இது. 28 நாள் எழுதினால் 28 நாளும் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் சாப்பிட ஆரம்பித்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி ரத்த அணுவுக்குள் ஒளிந்திருக்கும், அது பாட்டுக்குத் திரும்ப வரும்.

பூனையைச் சின்ன நாய் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. பூனைக்கு மாத்திரையை வாயில் போட்டு, தொண்டையைத் தடவி, ‘முழுங்கிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். உலர்ந்த மாத்திரை வயிற்றுக்குப் போகாமல் உணவுக்குழாயின் நடுவிலேயே பல நிமிடம் ஒட்டிக்கொண்டு நிற்கும். டாக்ஸியில் ஹைக்ளேட் என்ற உப்பு வடிவம் அமிலத்தன்மை உள்ளது. ஒட்டிய இடத்தைப் புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் சுருங்கும். பிறகு தின்றதெல்லாம் அப்படியே வெளியே வரும், பூனை இளைக்கும். வாந்தி என்று நினைத்து அதற்கு வேறு மருந்து தேடுவார்கள். தடுக்க 6 மி.லி. தண்ணீர் போதும். ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, கோரைப் பல்லுக்குப் பின்னால் கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நேராகத் தொண்டையில் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போகும். தண்ணீருக்கு முகம் திருப்பும் பூனைக்கு, உப்பு, மசாலா இல்லாமல் மீன் வேகவைத்த தண்ணீர் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது என்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி. நாய்க்கு நோயைப் பொறுத்துக் கிலோவுக்கு 5 முதல் 20 மி.கி. வரை போகலாம். பூனைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மேல் கூடாது. மருந்து விழித்திரைக்குள் சேராமல் தடுக்கும் புரதம் பூனைக்குச் சரியாக வேலை செய்வதில்லை. 4 கிலோ பூனைக்கு 20 மி.கி.தான் எல்லை. நாய்க்கு வாங்கி மீந்த 50 மி.கி. மாத்திரையை முழுசாகக் கொடுத்தால் கிலோவுக்கு 12.5 மி.கி. ஆகிவிடும். கண்மணி விரிந்தே நிற்கிறது, சுவரில் முட்டுகிறது என்றால் அன்றே நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. குளோராம்ஃபெனிக்காலும் அப்படித்தான்: பூனையின் கல்லீரல் அதை மெதுவாகத்தான் கழிக்கும், நாய்க்கான அளவில் தொடர்ந்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கும். பாராசிட்டமால் பூனையைக் கொல்வதற்கும் கல்லீரலின் அதே குறைதான் காரணம்.

அமாக்சிசிலின் நேர்மாறு. நாயின் சிறுநீரகம் அதை விறுவிறுவென வெளியேற்றிவிடும், ரத்தத்தில் இருப்பது ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகக் குறையும். கிருமி சாக, மருந்து போதுமான அளவில் நீடித்து நிற்க வேண்டும். இரு வேளை மாத்திரையைச் சேர்த்துக் காலையிலேயே கொடுத்தால் பலன் இல்லை. ஜென்டாமைசின் ஊசி முழுக்கச் சிறுநீரகம் வழியாகத்தான் போகும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய நாய்க்கு, டிரிப் ஏற்றாமல் அதைப் போடவே கூடாது.

மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூனைக்கு என்று யாராவது கேட்டு வந்தால், சீட்டில் எடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த 50 மி.கி. மாத்திரையை எடுத்து நீட்டாதீர்கள்.

கால்நடை மருத்துவர்,
திருச்சி