மைக் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க பாஸ்டர்

பாஸ்டர் ஐயாமார்களுக்கும், பேருக்கு முன்னாடி தீர்க்கதரிசின்னு போட்டுக்கிற ஊழியக்காரங்களுக்கும், யூடியூப்ல தினம் ஒரு கடைசிகாலச் செய்தி சொல்ற அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

நானும் சபைக்குப் போற ஆளுதான், அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா ரெண்டாவது வரியிலயே “யாரோ அவிசுவாசி எழுதினது”ன்னு தள்ளி விட்டுருவீங்க. பிரசங்கத்துல நியூஸ் பேசக்கூடாதுன்னு சொல்ல வரல. அரசியலும் பேசக்கூடாதுன்னு சொல்லல. பாவம் பண்ணின தாவீது ராஜாவுக்கு முன்னாடி போய் நின்னு “நீயே அந்த மனுஷன்”னு சொன்ன நாத்தான் தீர்க்கதரிசி பேசினது அரசியல் இல்லாம வேற என்ன? ஹிட்லர் சபையைத் தன் கைக்குள்ள கொண்டுவரப் பார்த்தப்போ 1934 மே மாசம் ஜெர்மனியில பார்மென் ஊர்ல சபைக்காரங்க கூடி, சபைக்கு இயேசு கிறிஸ்து ஒருத்தர்தான் தலைவர்னு அறிக்கை விட்டாங்களே, கார்ல் பார்த்னு ஒரு இறையியல் அறிஞர் முக்கியமா எழுதினது, அதுவும் அரசியல்தான். ஆனா அவங்க அதிகாரத்துல இருக்கிறவனுக்குப் பிடிக்காததைச் சொன்னாங்க. நீங்க நிறைய பேர் பிடிச்சதைச் சொல்றீங்க, அதுவும் “கர்த்தர் சொல்றார்”னு ஆரம்பிச்சு.

பைபிள்ல 1 இராஜாக்கள் 22 உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா. இஸ்ரவேல் ராஜா ஆகாப் யுத்தத்துக்குப் போகலாமான்னு கேட்டதும் ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிங்க போங்க ஜெயம்தான்னு ஒரே குரல்ல சொல்றாங்க, சிதேக்கியா இரும்புல கொம்பு செஞ்சு எடுத்துட்டு வந்து சீன் போடுறான் (அந்தக் காலத்து தம்ப்நெயில்னு வச்சுக்கங்க), மிகாயா ஒருத்தன் மட்டும் தோத்துருவீங்கன்னு சொல்லிட்டு கன்னத்துல அடி வாங்கி ஜெயிலுக்குப் போறான். எலக்‌ஷன் வந்தா நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் நிக்குறாங்கன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

2020 அமெரிக்கத் தேர்தல்ல டிரம்ப் திரும்ப ஜெயிப்பார்னு அங்க எத்தனையோ ஊழியக்காரங்க ஆண்டவர் பேரைச் சொல்லி அடிச்சுச் சொன்னாங்க, நடக்கல. அதுல ஜெரமையா ஜான்சன்னு ஒருத்தர் 2021 ஜனவரியில நான் சொன்னது தப்புன்னு வெளிப்படையா மன்னிப்புக் கேட்டார். அதுக்கு அவருக்குக் கிடைச்சது என்ன தெரியுமா, கொலை மிரட்டல், திட்டி வந்த மெயிலுங்க, அதுவும் விசுவாசிங்ககிட்ட இருந்து! தப்பாச் சொன்னப்போ ஆமென் போட்ட ஜனம் தப்புன்னு ஒத்துக்கிட்டப்போ கல்லெடுக்குது. அந்த ஜனத்தை அப்படி வளர்த்தது யாரு? மேடையில நிக்குற நீங்கதான், வேற யாரைச் சொல்றது.

கடைசி நாளுக்குத் தேதி குறிக்குறதும் அதே கதைதான். ஹரால்ட் கேம்பிங்னு ஒரு அமெரிக்க ரேடியோ பிரசங்கியார் 2011 மே 21ன்னு சொன்னார், அமெரிக்கா முழுக்க பேனர் வச்சாங்க, ஓய்வுபெற்ற ஒரு போக்குவரத்து ஊழியர் தன் சேமிப்புல 1,40,000 டாலர் எடுத்து விளம்பரம் பண்ணிட்டு, அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு டைம்ஸ் ஸ்கொயர்ல நின்னு பார்த்தார், சுத்தி நின்ன ஜனமும் பத்திரிகைக்காரங்களும் அவரையே பார்த்துட்டு இருந்தாங்க, ஆறு மணி தாண்டிப் போச்சு, ஒண்ணும் நடக்கல, ஏன்னு எனக்கே புரியலன்னு சொன்னார். கேம்பிங் உடனே அக்டோபர் 21ன்னு மாத்தினார், அதுவும் போச்சு, அடுத்த வருஷம் மார்ச்ல தேதி குறிச்சது பாவம்னு லெட்டர் எழுதி ஒத்துக்கிட்டார். நல்லதுதான், ஆனா அந்த மனுஷனோட 1,40,000 டாலர்? “அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்”னு மாற்கு 13:32 பச்சையா கிடக்கும்போது, இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்குன்னே எனக்குப் புரியல.

பார்கோடு 666, தடுப்பூசிக்குள்ள சிப், அந்த சோப்பு கம்பெனி லோகோ சாத்தானோடது, இன்ன நடிகர் இரட்சிக்கப்பட்டுட்டார், இதையெல்லாம் விட்டுடறேன், ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னா இந்த மடல் முடியாது. ஆனா “நரகத்துக்குத் தோண்டின கிணறு” கதையை மட்டும் சொல்லியே ஆகணும், ஏன்னா அது இன்னும் வாட்ஸ்அப்ல சுத்துது, இன்னும் பிரசங்கத்துல வருது. ரஷ்யாவுல பூமியைத் தோண்டினாங்க, உள்ள மைக் இறக்கினாங்க, லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் அலறுற சத்தம் கேட்டுச்சுன்னு. ரஷ்யாவுல கோலாங்கிற இடத்துல தோண்டினது உண்மைதான், 1989ல 12,262 மீட்டர் வரைக்கும் போனாங்க, அடியில சூடு சுமார் 180 டிகிரி, கதையில வர்ற ஆயிரத்து நூறு டிகிரி எல்லாம் கிடையாது, அலறலும் கிடையாது. இதை அமெரிக்காவுல ஒரு பெரிய கிறிஸ்தவ டிவி அப்படியே ஒளிபரப்புச்சு. அதைப் பார்த்த நார்வேக்காரர் ஒருத்தர், வாத்தியார், இவங்க எதையாவது சரிபார்க்குறாங்களான்னு பார்ப்போம்னு ஊருக்குப் போய் ஒரு வேலை பண்ணார். கட்டிட இன்ஸ்பெக்டர் ஒருத்தரைப் பத்தி லோக்கல் பேப்பர்ல வந்த சாதாரண நியூஸை எடுத்து, கிணத்துலேருந்து வவ்வால் மாதிரி ஒரு உருவம் கிளம்பி வந்துச்சுன்னு பொய்யா ஒரு மொழிபெயர்ப்பு எழுதி, போன் நம்பரையும் சேர்த்து டிவிக்கு அனுப்பிட்டார். யாராவது கூப்பிட்டுக் கேட்டா உண்மையைச் சொல்லிடறதுதான் அவர் பிளான்.

கூப்பிடல. கதை இன்னும் பெருசாகிப் பரவுச்சு. கடைசில நூல் பிடிச்சுப் போய் அவருக்குப் போன் போட்டு விசாரிச்சது ரிச் பியூலர்னு ஒரு கிறிஸ்தவ ரேடியோக்காரர்.

நாத்திகர் இல்ல பாருங்க, நம்ம ஆளு. விசாரிச்சதால அவர் விசுவாசம் ஒண்ணும் குறைஞ்சிடல. பைபிள்ல வர்ற பெரோயா பட்டணத்தார் அப்போஸ்தலன் பவுல் சொன்னதையே சரியான்னு வேதத்தை எடுத்து வச்சுப் பார்த்தாங்க, அதுக்கு அவங்களுக்குக் கிடைச்சது பாராட்டு. நம்ம சபையில ஒரு தம்பி பிரசங்கம் முடிஞ்சு வந்து “பாஸ்டர், அந்த நியூஸ் பொய்யாம்”னு மெதுவா சொன்னா என்ன கிடைக்குது? கலகக்கார ஆவின்னு பட்டம், அடுத்த வாரம் பேர் சொல்லாம பிரசங்கத்துல ஒரு குத்து.

பெருசா ஒண்ணும் கேக்கல ஐயா. ஒரு நியூஸை மேடையில சொல்றதுக்கு முன்னாடி அதை அந்தத் தம்பிக்கே அனுப்பி “கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா”ன்னு கேளுங்க. ஏற்கெனவே சொல்லித் தப்பாப் போனது இருந்தா, சொன்ன அதே மைக்ல, அதே அளவு சத்தமா, அது தப்புன்னு சொல்லிடுங்க, அறிவிப்பு நேரத்துல முணுமுணுத்துட்டுப் போகாதீங்க. அந்த வீடியோ இன்னும் சேனல்ல கிடந்தா அதையும் எடுத்துடுங்க, வியூஸ் போகும்தான், போகட்டும்.